பற்சக்கரத்துக்கு ஒரு கோப்பை எண்ணெய்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் ரம்புக்கனை வரையில் இரட்டைத் தண்டவாளத்தின் மீது, தென்னந்தோப்புகளையும் வயல்களையும் கடந்து இலகுவாக ஓடி வருகின்றது. ரம்புக்கனையைத் தாண்டியதும் தண்டவாளம் ஒற்றையாகின்றது; மலையும் தொடங்கிவிடுகின்றது. அங்கிருந்து கடுகண்ணாவைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரமே. ஆனால் அவ்வளவு தூரத்துக்குள் பாதை 400 மீற்றருக்கு மேல் உயர்ந்து செல்கின்றது. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 இல். நீராவி எஞ்சின்களின் காலத்தில், ஓர் எஞ்சினால் மலைமேல் இழுக்க இயலாத வண்டிக்கு ரம்புக்கனையிலேதான் துணை எஞ்சினைப் பூட்டுவார்கள்.

அதே மலைச்சாரலில் இன்று நம்மவர்கள் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஏறி இறங்குகின்றனர். தோட்டத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும், மாவனெல்லைக்கு வேலைக்குப் போகும் இளைஞரும், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கேகாலை வைத்தியசாலைக்கு விரையும் தந்தையும் இவ்வேற்றங்களை நாள்தோறும் காண்பவர்களே. அவர்களுடைய வண்டிக்குத் துணை எஞ்சின் எவரும் பூட்டுவதில்லை. அந்த வேலையைக் கியர் செய்கின்றது. சிறிய பற்சக்கரம் ஒன்று பலமுறை சுழன்று, பெரிய பற்சக்கரம் ஒன்றை ஒருமுறை சுழற்றும். வேகம் குறையும், விசை கூடும். நெம்புகோலின் தத்துவமே இது. பாடப்புத்தகத்தில் இதைப் படமாக வரைந்து புள்ளி பெறும் மாணவர்களுள், வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிக்குள் அதே படம் இரும்பாக இருந்து வேலை செய்கின்றது என்பதை நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேரோ!

அவ்வாறு நினைத்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களிடம் கியர் எண்ணெய் மாற்றினீர்களா என்று கேட்டால், "கியரே இல்லாத வண்டிக்குக் கியர் எண்ணெய் எதற்கு?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேள்வி நியாயமாகவே தோன்றும். காலால் மாற்றும் கியர் ஸ்கூட்டரில் இல்லை. கைப்பிடியைத் திருகினால் வண்டி ஓடுகின்றது. ஆனால் காலுக்குக் கியர் இல்லையே தவிர, சக்கரத்துக்குக் கியர் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி ஒரு பட்டியின் வழியாகப் பின்னால் சென்று, பின்சக்கரத்துக்கு அருகேயுள்ள சிறிய பெட்டி ஒன்றுக்குள் நுழைகின்றது. அப்பெட்டிக்குள் பற்சக்கரங்கள் இருக்கின்றன. பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரம் ஒருமுறை சுழல, அப்பெட்டிக்குள் நுழையும் தண்டு ஒன்பது, பத்து முறை சுழல வேண்டியிருக்கின்றது. நம் மலைப்பாதையில் இருவரைச் சுமந்து ஏறும்போது அச்சுமை முழுவதும் அப்பற்களின் மீதே விழுகின்றது.

அப்பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் எவ்வளவு? ஹொண்டா டியோ போன்ற வண்டியில் மாற்றும்போது ஊற்றுவது ஏறத்தாழ 120 மில்லிலீற்றர். சிறிய தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவு. எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பதற்கு அளவுக் குச்சி உண்டு. இதற்கோ பெரும்பாலான வண்டிகளில் அதுவும் இல்லை. குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததை மனிதர் மறப்பது இயல்பே. பத்து ஆண்டுகள் ஓடிய பின்னும் தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெயோடே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர்கள் நம் ஊர்களில் உண்டு என்று மெக்கானிக்குகள் கூறுவர். அதை நம்பாதிருக்க நமக்குக் காரணம் தோன்றவில்லை.

இவ்வெண்ணெய் செய்யும் வேலை வியப்புக்குரியது. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் மயிரிழை போன்ற ஒரு கோடு. சுமை முழுவதும் அக்கோட்டின் மீது விழுவதால், அங்கே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போலப் பல ஆயிரம் மடங்காகின்றது. அத்தகைய அமுக்கத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியே ஓடிவிட வேண்டுமல்லவா? ஓடுவதில்லை. அமுக்கத்தினால் அக்கணத்தில் எண்ணெய் கட்டியாகிவிடுகின்றது. ஏறத்தாழத் திண்மப் பொருள்போல நின்று பல்லைப் பல்லிலிருந்து பிரித்து வைக்கின்றது. பல் விலகியதும் மீண்டும் நீர்மமாகின்றது. அந்த ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்களவு. சில வேளைகளில் அதனினும் குறைவு. எண்ணெய் ஏட்டின் கணிதத்தை 1886 இல் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். பற்சக்கரங்களில் மட்டும் அவருடைய கணக்குக்கும் அனுபவத்துக்கும் பொருத்தம் ஏற்படவில்லை. கணக்கின்படி தேய்ந்தழிய வேண்டிய பற்கள் தேயாமல் ஓடின. 1959 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து டௌசன், ஹிகின்சன் என்னும் இருவரும், அமுக்கத்தில் எண்ணெய் கட்டியாவதையும் இரும்பு சற்றே நெளிவதையும் ஒருங்கே கணக்கிற் சேர்த்து அப்புதிரை விடுவித்தனர். 1966 இல் பீற்றர் ஜோஸ்ற் என்பவரின் தலைமையில் பிரித்தானிய அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாடு ஆண்டுக்கு 51 கோடிப் பவுணுக்கு மேல் மிச்சப்படுத்தலாம் என்று கூறியது.

நம் வீட்டுக் கணக்கு அவ்வளவு பெரிதன்று. ஆயினும் நமக்கு அது சிறிதுமன்று. 2020 இல் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 இன் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிற்று. எரிபொருள் பட்ட பாட்டை ரம்புக்கனை மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 19 ஆம் நாள் பெற்றோல் விலை லீற்றருக்கு 254 ரூபாயிலிருந்து 338 ரூபாயாக உயர்ந்தபோது, இவ்வூர்ப் புகையிரதக் கடவையில் திரண்ட மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஓர் உயிர் பிரிந்தது, பலர் காயமுற்றனர். அவ்வாண்டு ஜூலையில் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது நான்கு லீற்றர். அந்நாட்களில்தான் நம்மவர்கள் பலர் ஸ்பனரைக் கையில் எடுத்துச் சிறு வேலைகளைத் தாமே பழகினர். பழகியதை விட்டுவிடாதிருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டியது, நம் வண்டியில் கியர் எண்ணெய் எங்கே இருக்கின்றது என்பது. எல்லா வண்டிக்கும் ஒரே விடை இல்லை.

பழைய காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் எஞ்சின் வேறு, கியர்ப் பெட்டி வேறு. தோட்டத்துச் சின்னத்துரைமார் மலைச்சரிவுகளைச் சுற்றி வந்த வண்டிகள் அவ்வகையின. 1955 முதல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் உருவாகிய ரோயல் என்ஃபீல்ட் புல்லற்றும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், சங்கிலிப் பெட்டிக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறொன்று என மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். பொறுமையுள்ளவர்களுக்கு ஏற்ற வண்டி அது. 1958 இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறிய வண்டியில் எஞ்சின், கிளச், கியர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒரே எண்ணெயில் நனைந்தன. அவ்வண்டியின் உற்பத்தி 2017 இல் பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் எம்.டி. 90 என்பதும் அக்குடும்பத்துப் பிள்ளையே; ஜப்பானியத் தபாற்காரருக்காகச் செய்யப்பட்டது.

இன்று நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் பஜாஜ் ஆயினும், ஹீரோ ஆயினும், ஹொண்டா ஆயினும் அம்முறையையே பின்பற்றுவன. அவற்றுக்குத் தனியாகக் கியர் எண்ணெய் என ஒன்று இல்லை. எஞ்சின் எண்ணெயே கியர் எண்ணெயும் ஆகும். ஆகவே அவ்வண்டி உடையோர் கடையிற் சென்று கியர் எண்ணெய் கேட்க வேண்டாம். எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றினால் போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். காரின் எஞ்சினில் எண்ணெய் எஞ்சினுக்கு மட்டுமே உழைக்கின்றது. மோட்டார் சைக்கிளிலோ அதே எண்ணெய் பற்சக்கரங்களுக்கிடையிலும் அரைபடுகின்றது. எண்ணெயைத் தடிப்பாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் நீண்ட மூலக்கூறுகளை அப்பற்கள் வெட்டிவிடுகின்றன. அதனால் எண்ணெய் விரைவில் நீர்த்துப் போகின்றது. கியர் மாற்றும்போது காலுக்குக் கடினமாகத் தோன்றுவது அதன் ஓர் அடையாளம்.

இரண்டு வீச்சு வண்டிகள் வேறு வகை. 1980களிலும் 1990களிலும் இளைஞர் மனத்தைக் கவர்ந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்றும் சில வீடுகளில் பாதுகாக்கப்படுகின்றது. அதில் பெற்றோலோடு சேர்ந்து எரியும் எண்ணெய் ஒன்று. கியர்ப் பெட்டியில் இருக்கும் எண்ணெய் வேறொன்று. பின்னதன் அளவு 650 மில்லிலீற்றர். பழைய வெஸ்பாவிலும் கியருக்குத் தனி எண்ணெய் உண்டு. அளவு கால் லீற்றர். இவ்விரண்டிலும் கிளச்சும் அதே எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றது. எனவே லொறிக்கு ஊற்றும் கொழுத்த கியர் எண்ணெயை இவற்றில் ஊற்றினால் கிளச் வழுக்கும் அல்லது ஒட்டிக்கொள்ளும். "கியர் எண்ணெய்" என்று கேட்டதும் கடைக்காரர் எடுத்துத் தருவது அதுவாகவே இருக்கலாம். போத்தலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

போத்தலின் மேலுள்ள இலக்கங்கள் பலரை மயக்குவன. 10டபிள்யூ-30, 80டபிள்யூ-90 என்று எழுதியிருக்கும். 90 என்பது 30 ஐப் போல மும்மடங்கு பெரிதாகையால் அவ்வெண்ணெய் மும்மடங்கு கட்டியானது என்று எண்ணுவர். அவ்வாறன்று. எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல், கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோல். கியர் அளவுகோலின் 90, எஞ்சின் அளவுகோலின் 40 க்கும் 50 க்கும் ஏறத்தாழச் சமமானது. ஒரே துணியை யாரிலும் மீற்றரிலும் அளப்பது போன்றது இது. ஹொண்டா ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு, எஞ்சினுக்கு ஊற்றும் 10டபிள்யூ-30 எண்ணெயையே பின் கியருக்கும் விதித்திருக்கின்றார்கள். புதிய வெஸ்பாக்களுக்கு 80டபிள்யூ-90 விதிக்கப்படுகின்றது. எது உயர்ந்தது என்பது கேள்வியன்று. நம் வண்டியின் கையேடு எதைச் சொல்கின்றது என்பதே கேள்வி. கையேடு தொலைந்திருந்தால், அதே வண்டியை வைத்திருக்கும் அயலவரிடம் ஒருநாள் இரவல் வாங்கிப் படிக்கலாம். கையேட்டை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சந்தியில் நிற்பவரிடம் ஆலோசனை கேட்பது நம்மவரிடையே உள்ள ஒரு விநோத வழக்கம்.

எப்போது மாற்றுவது? புதிய வண்டியில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய இரும்புத்தூள் உதிரும். ஆகவே முதல் ஆயிரம் கிலோமீற்றரில் ஒருமுறை மாற்றும்படி சில நிறுவனங்கள் கூறுகின்றன. பின்னர் ஏறத்தாழப் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது பல ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும் கணக்கு. ஆனால் சமதரையில் ஓடும் வண்டிக்கும் நம் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கும் ஒரே கணக்கு வைத்தல் தகாது. மழையும் இங்கே மிகுதி. ஓடை பெருகித் தாழ்ந்த பாலத்தின் மேல் பாய்கையில், பின்சக்கரத்தின் அச்சு மூழ்கும்படி வண்டியை ஓட்டிச் சென்றால், கியர்ப் பெட்டியின் காற்றுத் துளை வழியாக நீர் உட்புகக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் கிலோமீற்றரை எண்ணிக்கொண்டிராமல் அவ்வாரமே மாற்றிவிட வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன நேரும்? முதலில் பின்பக்கத்தில் மெல்லிய ஊளைச் சத்தம் எழும். வேகம் கூடக் கூட அதுவும் உயரும். பின்னர் தாங்கு உருளைகள் தேயும். அதையும் பொருட்படுத்தாது ஓட்டினால் பற்சக்கரங்கள் ஒருநாள் இறுகிவிடலாம். ஸ்கூட்டரின் கிளச், அப்பற்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கின்றது. பற்சக்கரங்களுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் பிரிக்கக்கூடியது எதுவும் இல்லை. ஆகவே பெட்டி இறுகினால் பின்சக்கரமும் அக்கணமே இறுகும். மழை ஈரத்தில், இறக்கத்தில், வளைவில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கடுகண்ணாவைப் பாதையில் ஒருமுறையேனும் சென்றவர்கள் ஊகித்துக்கொள்வர். எண்ணெயைத் தேவைக்கு மேல் ஊற்றுவதும் ஆபத்தே. மிகுதி எண்ணெய் அச்சின் வழியாகக் கசிந்து பின் பிரேக்கில் படியக்கூடும். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று தாராளம் காட்ட இது விருந்து இலை அன்று.

இனி வேலைக்கு வருவோம். இங்கே ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்கின்றோம், மறக்கப்படுவது அதுவே.

தேவையான பொருள்கள் சில: போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பனர், அகன்ற பழைய தாச்சி அல்லது தகரம், துணி, புதிய வாசர், உரிய எண்ணெய், மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்ச் ஒன்று. ஊசி வேண்டாம், அதன் முனையில் சிறிய இறப்பர்க் குழாய் ஒன்றைச் செருகினால் போதும். சிரிஞ்சிலே அளவு குறித்திருப்பதால் 120 மில்லிலீற்றரைத் துல்லியமாக அளந்து ஊற்றலாம். இதைவிடச் சிறந்த கருவியை நாம் இதுவரை காணவில்லை.

வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய தூளோடு சேர்ந்து வெளிவரும். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். சைலன்சர் சுடும், சிறுவர்கள் அருகே வேடிக்கை பார்க்க வந்தால் சற்றுத் தள்ளி நிற்கச் செய்க. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கியர்ப் பெட்டி பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் இருக்கும். அதில் இரண்டு போல்ட்டுகள் காணப்படும். பக்கவாட்டில் உயரமாக இருப்பது ஊற்றும் துளைக்குரியது. அடியில் இருப்பது வடிக்கும் துளைக்குரியது. எஞ்சினின் அடியில், சற்று முன்னால், இன்னொரு வடிபோல்ட் உண்டு. அது எஞ்சின் எண்ணெய்க்குரியது. அதைத் திறந்துவிட்டுக் கியர் எண்ணெய் மாற்றியதாக எண்ணிக்கொள்பவர் உளர்; அவ்வாறு எஞ்சின் வறண்டு, கியர்ப் பெட்டி நிரம்பி வழிந்த வண்டிகளின் கதையை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்துச் சொல்வது சிறிய விஷயமே. ஆயினும் இவ்வேலை முழுவதிலும் இதுவே தலையாயது. மேலுள்ள போல்ட்டை முதலில் திறக்க வேண்டும். கீழுள்ளதை முதலில் திறந்து எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, பின்னர் மேலுள்ளது துருவேறித் திறக்க மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டியோடு முற்றத்தில் நிற்க நேரும். அதை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகவும் முடியாது. மேலது திறந்தது என்று உறுதியான பிறகே கீழதில் கை வைக்க வேண்டும்.

தாச்சியை அடியில் வைத்து வடிபோல்ட்டை மெல்லத் திருகி எடுத்தால் எண்ணெய் விழும். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் பற்களில் ஒட்டியிருப்பதும் வடியும். பத்து நிமிடம் அப்படியே விட்டு, அதற்குள் வெளிவந்த எண்ணெயை வெளிச்சத்தில் பார்க்கலாம். இஃது ஒரு மருத்துவப் பரிசோதனை போன்றது. தேன் நிறமாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் நலம். பால் விட்ட தேநீர் போலிருந்தால் நீர் கலந்திருக்கின்றது. புதிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளிப்பொடி போன்ற மினுக்கம் சிறிது தோன்றுவது வயதின் அடையாளமே, அஞ்ச வேண்டியதில்லை. விரலில் உருட்டினால் குத்தும் செதில்கள் வந்தால் பல்லோ உருளையோ உடைகின்றது என்று பொருள். அப்போது மெக்கானிக்கிடமே செல்ல வேண்டும். கியருக்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்களில் கந்தகக் கலவை இருப்பதால் ஒருவகைத் துர்நாற்றம் வீசும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று அதைக் கொண்டு முடிவு செய்துவிடலாகாது.

போல்ட்டைத் துடைத்து, புதிய வாசர் இட்டு மாட்டும்போது முதற் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். பெட்டி அலுமினியம், போல்ட் உருக்கு. மரை கோணலாக ஏறினால் தோற்பது அலுமினியமே. ஸ்பனரை நீண்ட குழாயிற் செருகிப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவதும் அவ்வாறே மரையைத் தின்றுவிடும். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு அவ்வொரு திருகலில் அடங்கியிருக்கின்றது. வாசர் அமுங்கி, கை நின்ற இடத்திலிருந்து சிறிதளவு இறுக்கினால் போதும். பின்னர் மேல் துளை வழியாக அளந்த எண்ணெயைச் செலுத்தி, அதையும் மூட வேண்டும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து, போல்ட்டின் ஓரத்தில் கசிவு உண்டா என்றும், டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் சிந்தியிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். அன்றைய நாளையும் கிலோமீற்றரையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இருக்கைக்கு அடியில் வைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

இவ்வளவையும் கராஜிலேயே செய்விக்கலாமே என்பார்க்கு நாம் தடை சொல்லவில்லை. ஆயினும், கியர் எண்ணெய் மாற்றியதாகப் பணம் வாங்கிய ஓரிடத்தில், அந்தப் போல்ட்டின் மேல் பல மாதத்துச் சேறு கலையாமல் இருந்ததை நாம் கண்டதுண்டு. எந்தப் போல்ட் என்று அறிந்திருப்பவர், கராஜில் கொடுக்கும்போதும் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். பழைய எண்ணெயைக் காட்டச் சொல்லலாம்.

தாச்சியில் இருக்கும் அப்பழைய எண்ணெயை என்ன செய்வது? ஒரு கோப்பை தானே என்று வேலிப்பக்கம் வீசுவோரும், கானில் ஊற்றுவோரும் உளர். ரம்புக்கனைப் பகுதியில் கானில் ஊற்றியது எங்கே போகும்? மழை பெய்ததும் ஓடைக்கு. ஓடையிலிருந்து மகா ஓயாவுக்கு. பின்னவலையில் யானைகள் நீராடுவதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து நிற்பது அந்த ஆற்றின் கரையிலேதான். கொச்சிக்கடைக்கு அருகே கடலைச் சேரும் வரையில், வழியிலுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருவதும் அவ்வாறே. ஒரு லீற்றர் கழிவெண்ணெய் பத்து லட்சம் லீற்றர் நீரைக் கெடுக்கும் என்பது உலகெங்கும் கூறப்படும் கணக்கு. நம்முடையது ஒரு கோப்பைதான். ஆனால் இச்சாரலில் எத்தனை ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கறையானுக்கு மருந்தென்று வேலிக் கட்டைகளில் பழைய எண்ணெய் பூசுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அருகில் அதை விட்டுவிடுவதே நன்று. தோலில் எண்ணெய் பட்டால் பெற்றோலால் கழுவாமல் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில், இயந்திர எண்ணெயில் நனைந்த உடையோடு ஆண்டுக்கணக்கில் நின்ற தொழிலாளருக்குத் தோற்புற்று உண்டானதை 1922 இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தனர். ஆண்டுக்கு ஒருமுறை விரலில் படுவதற்கும் அதற்கும் வேறுபாடு மிகுதிதான். ஆனால் எண்ணெய்த் துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

வடித்த எண்ணெயை இறுக மூடக்கூடிய போத்தலில் ஊற்றி, அருகிலுள்ள சேர்விஸ் நிலையத்தில் கொடுப்பதே முறை. அங்கே பீப்பாய்களில் சேரும் கழிவெண்ணெயை வாங்கிச் செல்ல ஆட்கள் வருவர். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இத்தகைய கழிவைக் கையாள்வோர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். புத்தளத்துச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில், ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், இவை போன்ற கழிவுகளை எரித்து வந்திருக்கின்றார்கள். நிலையத்தார் சில வேளைகளில் ஒரு கோப்பை எண்ணெயை வாங்கச் சலித்துக்கொள்வார்கள். அயலிலுள்ள நான்கைந்து வீட்டார் ஒரே கலனில் சேர்த்து வைத்துக் கொண்டுபோனால் மறுக்கமாட்டார்கள்.

அவ்வாறு சேர்த்து வைக்கும் கலன், குளிர்பானப் போத்தலாகவோ சமையல் எண்ணெய்ப் போத்தலாகவோ இருத்தலாகாது. தேன் நிறத்து எண்ணெயைக் கண்டு தாகத்தில் வாயில் வைத்துவிடும் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். எண்ணெய் வாங்கிய அதே போத்தலே இதற்கும் ஏற்றது. அதன் மேல் "பழைய எண்ணெய்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அயல்வீட்டாருக்கும் தெரியும்படி, சிறுவர் கைக்கு எட்டாத தட்டில் வைத்துவிடலாம்.